தண்ணியை மாத்தணும்

என் மனைவியின் தங்கைக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி எல்லாருக்கும் அவள் சவுக்காரம். பெயர் வைத்தவன் நான்தான். என் கல்யாணத்தன்று, "மாப்பிள்ளைக்கு முன்தலையில முடி கொஞ்சம் அவசரப்பட்டுக் கிளம்பிடுச்சு போல" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். அன்றைக்கே வைத்துவிட்டேன். சோப்பு மாதிரி, கண்ணில் பட்டால் எரியும், ஆனால் பட்ட இடம் சுத்தமாகும். கொழுந்தியாளைக் கேலி செய்ய அக்கா புருஷனுக்கு உரிமை இல்லையா என்ன? அவளும் என்னைச் சும்மா விட்டதில்லை.

பிறகு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. பிணவறைக்குப் பக்கத்துக் கட்டடம். உள்ளே நுழைந்தால் நீராவி முகத்தில் அடிக்கும். படுக்கை விரிப்புகளை இயந்திரம் துவைத்துவிடும். ஆனால் அறுவை அறையிலிருந்தும் பிரசவ அறையிலிருந்தும் வரும் துணி முதலில் ஒரு சிமெண்ட் தொட்டிக்குப் போகும். அதற்கு ரத்தத் தொட்டி என்று பெயர். முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு சவுக்காரம் அங்கேதான் நிற்பாள். புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பாள்: "சுடுதண்ணி காட்டினா ரத்தம் துணியைக் கல்யாணம் பண்ணிக்கும். பச்சைத் தண்ணியில அலசு, சண்டை போட்டுக்கிட்டுத் தானா வெளிய போயிடும்."

அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டவன் எடைமேடையில் வேலை பார்த்தான். லாரி வந்து ஏறி நிற்கும், இவன் எடை பார்த்துச் சீட்டு எழுதுவான். அதிகம் பேசமாட்டான். அவள் பேசுவதைக் கேட்கவே ஆண்டவன் அவனுக்கு இரண்டு காது கொடுத்தான் என்று நான் சொல்வேன், அதற்கும் சிரிப்பானே தவிர பதில் வராது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், பேனாவை மூடாமல் சட்டைப் பையில் செருகுவான். வெள்ளைச் சட்டையில் நெஞ்சுக்கு நேரே ஒரு நீலக் கறை. "ஊரான் ரத்தத்தையே எடுத்துடறேன், உங்க மையை எடுக்க முடியலயே" என்று வாரம் தவறாமல் திட்டுவாள்.

ஒருநாள் காலையில் எடைமேடைக் கூண்டுக்குக் கீழே அவன் கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. அதற்கு முந்தின வாரம் அவனுக்கும் ஒரு லாரி முதலாளிக்கும் வாய்த்தகராறு. ஏற்றிய எடையைக் குறைத்து எழுதச் சொன்னார், இவன் மாட்டேன் என்றான். வாயில்லாப் பூச்சி அன்றைக்கு ஒருநாள் வாய் திறந்தது. இது டீக்கடை வரைக்கும் எல்லாருக்கும் தெரியும், காவல் நிலையத்துக்கு மட்டும் தெரியவில்லை. "இருட்டுல படியிறங்கும்போது கால் தவறியிருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். விபத்து என்று எழுதியாயிற்று.

உடலை வாங்கிய அன்று இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் பையை அவளிடம் நீட்டினார். உள்ளே அவன் வாட்ச், பெல்ட், சட்டை.

"எடுத்துட்டுப் போம்மா. இங்க கிடந்தா எலிதான் கடிக்கும். துவைச்சு, ஞாபகத்துக்கு வச்சுக்க."

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

அடக்கம் முடிந்து வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது, அவள் அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். என் மனைவி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"விடுக்கா. ஊர் ரத்தமெல்லாம் நான் கழுவினேன். என் வீட்டு ரத்தத்தை யாரு கழுவுவாங்க?"

தொட்டியில் எப்படிச் செய்வாளோ அப்படியே செய்தாள். அலசினாள், ஊறவைத்தாள், பிழிந்தாள், மறுபடி அலசினாள். தண்ணீர் தெளிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் உதறிப் பார்த்தால் அந்த நீலக் கறையும் போயிருந்தது. அதைப் பார்த்துத்தான் அழுதாள். அதுவரை ஒரு சொட்டு வரவில்லை. பிறகு இஸ்திரி போட்டு, மடித்து, பீரோவில் மேல்தட்டில் வைத்தாள்.

அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில்தான் பிரேதப் பரிசோதனை நடந்தது. டாக்டருக்கு அவளைத் தெரியும். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அது விழுந்த அடி இல்லம்மா. பின்னாலிருந்து ரெண்டு தடவை அடிச்சிருக்காங்க. அறிக்கையில எழுதிட்டேன்" என்றார். அந்த அறிக்கையின் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நிலையத்தில் போய் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவே இல்லை. விபத்து கொலை வழக்காக மாறியது. மாறியதோடு சரி. அப்புறம் கிணற்றில் போட்ட கல்தான்.

மூன்று வருஷம் நானும் அவளோடு அலைந்தேன். இன்ஸ்பெக்டர் வழக்கமாக, "விசாரணை நடந்துக்கிட்டிருக்கும்மா" என்பார்.

"நடந்துக்கிட்டே இருக்கு சார். எங்கயும் போய்ச் சேர மாட்டேங்குதே."

ஒருமுறை, உன் புருஷனுக்கு வேறு தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். "இருந்திருந்தா உங்களுக்கா முதல்ல தெரியும்? அந்த ஆளுக்கு ஒருத்தி பேச்சைக் கேக்கவே நேரம் பத்தல" என்றாள். கொலை நடந்த இரவு லாரி முதலாளி வீட்டில்தான் தூங்கினார் என்று அவருடைய டிரைவரே சாட்சி சொன்னான். வேலிக்கு ஓணான் சாட்சி. அதை எழுதிக்கொண்ட மேஜைக்கு மேலே சுற்றிய மின்விசிறி யார் வாங்கிக் கொடுத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்ஸ்பெக்டர் கைகழுவினார். எடைமேடைக்காரர், "எனக்கும் தொழில் நடக்கணும்ல" என்று கைகழுவினார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கைகழுவினார்கள். "போதும்மா, போனவன் வரவா போறான்" என்று நானும் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். ஊர்த் துணியெல்லாம் கழுவுகிறவள் மட்டும் கையைக் கழுவவில்லை. நேரே ஒரு வக்கீலைப் பிடித்தாள். வழக்கை உள்ளூர் போலீஸிடமிருந்து எடுத்து மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டாள்.

உள்ளூர் போலீஸ் மேல் ஏன் நம்பிக்கை இல்லை என்று நீதிபதி அவளையே கேட்டார். வக்கீல் எழுந்திருப்பதற்குள் இவள் எழுந்துவிட்டாள்.

"கறை போகலேன்னா தண்ணியை மாத்தணும் ஐயா. அதே அழுக்குத் தண்ணியில திரும்பத் திரும்ப முக்கினா துணிதான் நைஞ்சு போகும்."

உத்தரவில் அந்த வார்த்தை இல்லை, டாக்டர் அறிக்கை, கால தாமதம் என்று என்னென்னவோ இருந்தது. ஆனால் வழக்கு மாறியது. சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள். என்னிடம் வந்து, "முடி போனவங்களுக்கு ரெண்டு" என்றாள். அவள் என்னைக் கேலி செய்து அவ்வளவு காலம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மிட்டாயையும் தின்ன மனசில்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வழக்குக் காகிதக் கட்டுகள் ஜீப்பில் ஏறிய அன்று இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்க்கவென்றே நான் போயிருந்தேன். வெட்கப்படுவார் என்று நினைத்தது என் புத்தி. மனிதர் சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் போட்ட நிம்மதியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் மத்தியப் புலனாய்வு அதிகாரி அவள் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், கொடுத்த தண்ணீரைக் குடித்தார், அவளைப் பேசவிட்டார். போலீஸ்காரர் ஒருவர் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு கேட்டதை நான் அதுவரை பார்த்ததில்லை. எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அம்மா, உங்க வீட்டுக்காரர் சும்மா சாகலை. அடிச்சவனைப் பிடிச்சு நல்லாக் கடிச்சிருக்கார். அவர் பல்லுல இருந்தது இன்னொருத்தர் ரத்தமா இருக்கலாம்னு டாக்டர் அப்பவே போலீஸுக்குத் தனியா எழுதியிருக்கார். அதைச் சோதனைக்கு அனுப்பினதா உள்ளூர்ல சொல்றாங்க, வந்து சேரலைன்னு சோதனைக்கூடத்துல சொல்றாங்க. அது போச்சு. ஆனா கடிபட்டவன் ரத்தம் அவர் சட்டையிலயும் சிந்தியிருக்கணும். சட்டையை உங்ககிட்ட குடுத்ததா இருக்கு. வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேனே சார்" என்று எழுந்தாள். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். பீரோவைத் திறந்து, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

கடையிலிருந்து வாங்கி வந்த சட்டை மாதிரி இருந்தது. காலர் மடிப்பு கலையவில்லை.

அதிகாரி அதைத் தொடவில்லை. "துவைச்சீங்களா?" என்றார்.

"பின்ன? ரத்தத்தோடவா வைப்பாங்க? பச்சைத் தண்ணியிலதான் சார், ஒரு பொட்டு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள்.

யாரும் அவளுக்கு எதையும் விளக்கவில்லை. அதிகாரி, "பரவாயில்ல, எடுத்துட்டுப் போறேன். இப்பல்லாம் நல்ல கருவி இருக்கு, பார்க்கலாம்" என்றார்.

"ஒண்ணும் கிடைக்காது சார். நான் துவைச்சது."

கிடைக்கவில்லை. சோதனைக்கூடம் அதைச் சொல்ல மூன்று மாதம் எடுத்துக்கொண்டது. வழக்கு இன்னும் மத்தியப் புலனாய்வுத் துறையிடம்தான் இருக்கிறது. அந்த முதலாளியின் லாரி எடைமேடையில் ஏறி இறங்குகிறது. ஏன் இப்படி ஆயிற்று என்று அதிகாரி கேட்டதற்கு, தடயத்தை மனைவியே அழித்துவிட்டார் என்று இன்ஸ்பெக்டர் பதில் எழுதியிருக்கிறார். துவைத்து வைத்துக்கொள் என்று சொன்ன வாய் அது. பாவி, பையை வாங்க அவள் போட்ட கையெழுத்தையும் கூடவே இணைத்திருக்கிறான்.

சோதனை முடிவு வந்த மறுநாள் சவுக்காரம், ரத்தத் தொட்டியிலிருந்து தன்னைத் துணி மடிக்கும் மேஜைக்கு மாற்றச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேட்டாள். அவர் அப்போதே தலையாட்டிவிட்டார். சாயங்காலம் அவளை அழைத்துப்போக நான் வாசலில் நின்றேன். உறை மாட்டி மாட்டி வெளுத்துப்போன கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கேலியாக ஏதாவது சொல்லிப் பார்க்கலாமா என்று நினைத்தேன், அதற்குள் பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னாள்:

"சாகும்போதும் அவனை விடாம பிடிச்சு, சட்டையில வச்சு என்கிட்ட அனுப்பியிருக்காரு மாமா. நான்தான் அலசி அலசி அவனை வெளிய விட்டுட்டேன்."