பொழுது சாய்ந்தபின் வந்த சோறு

நைனா மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். இந்த நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுது என்றீர்கள். எனக்குக் கோபமாகத்தான் எழுத வருகிறது.

நைனா வல்லத்தில் ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்து, செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்தவர். பேச்சுரிமை சட்டத்தில் இருக்கிறது என்று நம்பியவர். அந்த நம்பிக்கையில்தான் கடைத்தெருவில் நின்று, ரேஷன் அரிசி எங்கே போகிறது என்று உரக்கக் கேட்டார். அப்போது நாட்டில் அவசரநிலை. பாதுகாப்புச் சட்டம் என்று சொல்லி அன்று மாலையே பிடித்துக்கொண்டு போனார்கள்.

கிளைச்சிறையில் காலையில் கஞ்சி, இருட்டிய பிறகு சோறு. பொழுது சாய்ந்தால் நம் வீடுகளில் யாரும் சாப்பிடுவதில்லை. நைனாவும் தட்டைத் தொடவில்லை. உண்ணாவிரதம் இருந்து அரசாங்கத்தை மிரட்டுகிறார் என்று அதிகாரி முடிவு கட்டிவிட்டார்.

விளக்கிச் சொல்லப் போனவர் பெரியப்பா. அதே வழக்கத்தில் வளர்ந்தவர். என்ன சொன்னார் தெரியுமா? நானும் கூடத்தான் நின்றேன். "இனிமே உண்ணாவிரதம் இருக்க மாட்டான் சார், நான் பொறுப்பு" என்று கும்பிட்டார். அதிகாரி தலையாட்டிக்கொண்டார். பிறகு பெரியப்பா கம்பிப் பக்கம் திரும்பி, "ஒரு வேள சாப்ட்டுட்டா இன்னாடா? விட்டுடுவாங்க" என்றார்.

"பொழுதோட குடுக்கச் சொல்லுண்ணா, சாப்டுறேன். நான் இன்னா போராட்டமா பண்றேன்?" என்றார் நைனா.

உண்ணாவிரதம்தான் என்று அண்ணனே ஒப்புக்கொண்டுவிட்டார் எனக் காரணம் காட்டி, நைனாவைத் தொலைவிலிருந்த பெரிய சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

திண்டிவனத்து வக்கீலிடம் ஓடினேன். "உரிமையெல்லாம் இருக்குதும்மா. அதக் கேட்டு கோர்ட்டுக்குத்தான் இப்ப போவ முடியாது" என்றார். நாட்டுக்கு ஆபத்து வந்தால் உரிமைக்கு வரம்பு வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ரேஷன் அரிசியைக் கேட்ட மல்லாட்டை வியாபாரியால் இந்த நாட்டுக்கு என்ன ஆபத்து?

பெரிய சிறையிலும் இருட்டிய பிறகு வந்த சோற்றைத் தொடாமலே கிடந்து, குடற்புண்ணோடு வெளியே வந்தார். கடையைத் திறக்க உடம்பில் தெம்பில்லை. நீங்கள் யாரும் எங்கள் வாசலுக்கு வரவில்லை, போலீஸ் பார்த்துவிடுமாம். படுத்தவர் எழவே இல்லை.

காசு வாங்காமல் அரசாங்கத்துக்கு மனுமேல் மனு எழுதிய வக்கீலுக்கும், கடைசிவரை கூடவே இருந்து பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு பாய் குடும்பத்துக்கும் நன்றி. பெரியப்பா இந்த மலரில் நைனாவைத் "தியாகி" என்று போடச் சொன்னார். போடவில்லை. தியாகி என்பவர் தானாகக் கொடுப்பவர். நைனா எதையும் கொடுக்கவில்லை. அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.