சகினா கைகளைத் தொங்கவிட்ட நாள்

பெற்ற தாயிடம் உண்மையைச் சொல்வது, இன்னொருத்தியைக் காட்டிக்கொடுத்ததாகுமா? பன்னிரண்டு வயதில் எனக்குள் விழுந்த இந்தக் கேள்விக்கு, ஒரு பெண்குழந்தைக்குத் தாயான பிறகும் என்னிடம் பதில் இல்லை. காய்ந்த மண்ணில் முதல் தூறல் விழுந்து வாசனை கிளம்பும்போதெல்லாம், கைக்குட்டையில் சுற்றிவைத்த ஒரு சின்ன மண்வில்லையும், அதை எனக்கு முகரக் கொடுத்த விரல்களும் நினைவுக்கு வர, கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

இரண்டாயிரத்து நான்காம் வருடம் என்று நினைக்கிறேன். நோன்பு ஐப்பசி மழைக்குள் வந்த வருடம். நாங்கள் அப்போது செம்பாக்கத்தில், ஏரிக்குப் போகும் தெருவில் குடியிருந்தோம். அத்தா தாம்பரத்தில் மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் தெருவிலிருந்த முஸ்லிம் பெண்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மாடியறைக்கு "ஓதப் போவோம்". சொல்லிக்கொடுத்தவரை ஆலிமா என்றே கூப்பிடுவோம். அவரிடம்தான் ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், ஆறு விஷயங்களை விரல்விட்டு எண்ணி மனப்பாடம் செய்தோம்: அல்லாஹ், மலக்குகள் என்கிற வானவர்கள், வேதங்கள், நபிமார்கள், மறுமை நாள், நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்கிற "கத்ர்".

அந்த அறையில் என் பாய்க்குப் பக்கத்துப் பாய் சகினாவுடையது. அவளுடைய அப்பா குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வீட்டில் உருது பேசுவார்கள், அம்மாவை "அம்மி" என்பாள், தெருவில் எங்களைப் போலவே தமிழ். குர்ஆனை என்னைவிட அழகாக ஓதுவாள், ஆனால் தொழுகைக்கு நிற்கும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறுவாள். நெஞ்சின்மேல் கைகளைக் கட்டி நிற்பதை நாங்கள் "தக்பீர் கட்டறது" என்போம். சகினா ஒவ்வொரு முறையும் ஓரக்கண்ணால் என் கைகளைப் பார்த்துவிட்டுத்தான் தன் கைகளைக் கட்டுவாள். மறதிக்காரி என்று நினைத்து, அவளுக்குத் தெரியும்படி சற்று மெதுவாகக் கட்டுவேன்.

ஒருநாள் மாலை வகுப்பு முடிந்து வரும் வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. பாதி வழியில் இருந்த சகினா வீட்டில் ஒதுங்கினோம். ஐந்தே முக்கால் வாக்கில் பள்ளிவாசல் பாங்கு மழையோடு கலந்து கேட்டது. அவளுடைய அம்மா என் கையில் பேரீச்சம்பழத்தைத் திணித்து, "நீ நோம்பு தொற பேட்டா, உனக்கு டைம் ஆயிடுச்சு" என்றார். எனக்கு மட்டும் எப்படி டைம் ஆகும்? பழத்தை வாயில் போட்டுக்கொண்டு பார்த்தேன். சகினாவும் அவள் அம்மாவும் எதையும் தொடாமல் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கே மிச்சமிருந்த வெளிச்சமும் போய், நன்றாக இருட்டிய பிறகுதான் தண்ணீர் குடித்தார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும்.

பிறகு சகினா தொழுதாள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. ஒருமுறைகூட என்னைப் பார்க்கவில்லை, தடுமாறவுமில்லை. நெற்றி வைக்கும் இடத்தில் அந்த மண்வில்லை இருந்தது.

"இவ்ளோ நாள் எங்ககூட ஏமாத்திகினு இருந்தியா?" என்று கேட்டேன். கோபமா வியப்பா, இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"ஏமாத்தல ஷம்மு. அம்மிதான் அங்க எல்லாரும் செய்யற மாதிரியே செய்யின்னாங்க. எங்க ஆளுங்க நடத்தற கிளாஸ் ராயப்பேட்டைல கீது. டெய்லி யாரு கூட்டினு போவா?" என்றாள். பிறகு கைக்குட்டையோடு வில்லையை என் மூக்கருகே நீட்டினாள். "கர்பலா மண்ணு. எங்களுக்குப் புனிதமான ஊரு. மண்ணுலதான் நெத்தி வைக்கணும் எங்களுக்கு. மோந்து பாரேன்."

நாங்கள் சுன்னி, அவர்கள் ஷியா, இருட்டும்வரை காத்திருந்ததும் கை கட்டாததும் அவர்கள் வழக்கம் என்று அன்றுதான் தெரிந்தது. அந்தச் சொல்லையே அதற்கு முன் நான் கேட்டதாக நினைவில்லை. மழை விடும்வரை, ஸ்டாம்ப் சேகரிக்கும் பிள்ளைகள் ஆல்பத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல் இரண்டு பேரும் ஈமானை ஒப்பிட்டுப் பார்த்தோம். அவர்களுக்கு அடிப்படை ஐந்து: அல்லாஹ் ஒருவன், அவன் நீதியாளன், நபிமார்கள், நபிக்குப் பிறகு அவர் குடும்பத்தில் வந்த பன்னிரண்டு இமாம்கள், கியாமத் என்கிற மறுமை நாள்.

"அப்ப மலக்கு, வேதம்லாம் கிடையாதா?"

"ஐயே, அதெல்லாம் இல்லாமயா? நாங்களும் நம்பறோம். நம்பர் மட்டும் குடுக்கல" என்றாள் சகினா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இமாம்னா எங்க பள்ளிவாசல்ல தொழ வைக்கறாரே, அவரா?"

"அவரு இல்ல. நபிக்கு அப்புறம் வழிகாட்ட அல்லாவே தேர்ந்தெடுத்தவங்க. மொத ஆளு அலி."

"அலியை எங்களுக்கும் தெரியும். நாலாவது கலீபா."

"உனக்கு நாலாவது, எனக்கு மொதலாவது. ஆளு ஒருத்தர்தான? சரி, விடு."

பெரியவர்கள் பல நூற்றாண்டுகளாகப் பேசித் தீராததை நாங்கள் ஒரு மழைக்குள் பேசி விட்டுவிட்டோம். நீதி என்பதற்கு ஏன் தனி எண் என்று மட்டும் நான் விடாமல் கேட்டேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அல்லா அநியாயம் பண்ணவே மாட்டாரு. நாம ஒண்ணு பண்ணிட்டு, அல்லா எழுதிட்டாருன்னு அவர் மேல போடக்கூடாது."

"எங்களுக்குக் கத்ர் இருக்கே?"

"இருக்கட்டுமே. லேட்டா வந்துட்டு விதின்னு சொல்லாதடின்னு ஆலிமாவே உன்ன திட்டல?"

கிளம்பும்போது, "கிளாஸ்ல சொல்லிடாத" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். கிளாஸில் நான் சொல்லவில்லைதான்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "இம்மா நேரம் எங்கடி போன? நோம்பு எங்க தொறந்த? யாரு வூட்ல?" என்று அடுக்கினார். நான் திக்கினேன். உடனே அம்மாவின் குரல் இறங்கியது, தலையைத் துவட்டிவிட்டபடி, "அம்மாகிட்ட சொல்லாம யாருகிட்டடி சொல்லுவ? சொல்லு கண்ணு" என்றார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். "நான் யாருகிட்ட சொல்லப் போறேன், என் வயித்தோட போச்சு" என்றார் அம்மா. அந்தத் துண்டின் கதகதப்பும் அந்தக் குரலும் சேர்ந்து, உலகத்திலேயே பத்திரமான இடத்தில் ரகசியத்தை வைத்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் அஸர் என்கிற மாலைத் தொழுகைக்கு வரிசையில் நின்றோம். ஆலிமா சகினாவை மட்டும் முன்னால் அழைத்தார். அதட்டவில்லை. அவரும் சங்கடப்பட்டார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

"உங்க வீட்ல எப்படித் தொழுவீங்களோ அப்படித் தொழும்மா, பார்க்கலாம்" என்றார்.

சகினா திரும்பி என்னைப் பார்த்தாள். வழக்கமாக என் கைகளைப் பார்ப்பவள், அன்று முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அது பொய் என்பதும் அதே நொடியில் தெரிந்தது. அவள் திரும்பி நின்றாள், அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னாள், கைகளைத் தொங்கவிட்டாள். ஒரு எழுத்தும் பிசகாமல் நான்கு ரக்அத்தையும் தொழுதாள். சஜ்தாவில் நெற்றி வைக்கும்போது மட்டும், வில்லை இல்லாததால், நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நெற்றிக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"நாளைலேர்ந்து உங்க ஆளுங்ககிட்டயே ஓதிக்கோம்மா. ரெண்டு விதமா சொன்னா மத்த பிள்ளைங்க குழம்பிடும்" என்றார் ஆலிமா.

படியிறங்கும்போது ஒருத்தி, "கல்லக் கும்புடறவ" என்றாள். சகினா நின்று, "கல்லு இல்ல, மண்ணு. கும்புடல, நெத்தி வைக்கறோம். ஆறு மாசமா உன் பக்கத்துலதான ஓதினேன்?" என்று கேட்டாள். சொன்னவள் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். நானும் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் அழுதேன். அம்மா வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தார். "உன் நல்லதுக்குத்தான சொன்னேன். நாளைக்கு நீயும் கைய தொங்கவுட்டு நின்னா நான் அல்லாவுக்கு இன்னா பதில் சொல்லுவேன்?" என்றார். அந்தப் பதிலைவிட, அம்மா கையை நிறுத்தாமல் அரைத்துக்கொண்டே இருந்ததுதான் என்னைச் சுட்டது.

நோன்பு ஆரம்பத்தில் சகினா வீட்டுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பிய தூக்கு, பெருநாளைக்கு முன்னால் திரும்பி வந்தது. எங்கள் தெருவில் பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். அந்தத் தூக்கு நன்றாகத் துலக்கி, துடைத்து, காலியாக வந்தது. அடுத்த கோடையில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். எங்கே என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை அம்மாவிடம் அந்தப் பேச்சை எடுத்தேன். "இன்னுமா அத வெச்சினுகீற? அவ அங்க ஓதணும்னு எழுதல. கத்ர்டி" என்றார். விரல்விட்டு எண்ணியதில் ஆறாவது! ஆறையும் நான் இன்றும் முழுமனதாக நம்புகிறேன். நம் கைகள் செய்ததற்கு அதில் ஒளிந்துகொள்ள அனுமதி இல்லை என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் என் காதில் கேட்டது, அல்லா மேல போடக்கூடாது என்ற சகினாவின் குரல்தான்.

அந்த மாடியறை வீடு இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது. சகினா வீட்டு ஜன்னல் இருந்த இடத்தில் வண்டி நிறுத்துமிடம். அங்கிருந்து கிழக்கு வானம் தெரிவதில்லை. எந்தெந்தப் பெயரிலோ அவளைக் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைத்தாலும் என்ன சொல்லித் தொடங்குவேன் என்று தெரியவில்லை.

நாங்கள் இப்போது பொழிச்சலூரில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது. போன வாரம் ஓதிவிட்டு வந்தவள், முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு, "ம்மா, ஈமான் ஆறா, அஞ்சா?" என்று கேட்டாள். யார் சொன்னது என்றேன். சொல்ல மாட்டாளாம், ப்ராமிஸாம். அப்போது என் வாயிலிருந்து, நான் யோசிப்பதற்கு முன்பே, அதே இறங்கிய குரலில் அதே வாக்கியம் வந்தது: "அம்மாகிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லுவ?"

அவள் சொல்லிவிட்டாள். பக்கத்துப் பாயில் உட்காரும் பிள்ளையின் பெயர் இப்போது எனக்குத் தெரியும். மகள் குழம்பிவிடுவாளோ என்ற பயமும் எனக்கு வந்திருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். "உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும்" என்று அவளுடைய ஆலிமாவுக்கு ஒரு செய்தி தட்டி, அழித்து, மறுபடி தட்டி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அம்மாவைப் புரிந்துகொள்ளத் தொடங்கியிருக்கிறேன் என்பதுதான் என்னை அதிகம் அச்சுறுத்துகிறது.

மகளின் கேள்விக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை. எங்கள் வழியை அவளுக்கு உறுதியாகச் சொல்லித்தரவும் வேண்டும், அந்தப் பக்கத்துப் பாய் காலியாகாமலும் இருக்க வேண்டும். பிள்ளை வளர்த்தவர்கள், எந்த வழியில் தொழுபவர்களானாலும், தொழாதவர்களானாலும், தயவுசெய்து சொல்லுங்கள்: அவளிடம் என்ன சொல்லட்டும்? அடுத்த வகுப்பு சனிக்கிழமை.