அம்மாவின் குரல் மட்டும்

நேற்று மூத்தவள் கொச்சியிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். நடுவில் சின்னவள், "அப்பா, முறுக்கு அனுப்புங்க" என்று கத்தியதும் அதில் விழுந்திருந்தது. மூத்தவள் உடனே அதை அழித்துவிட்டு மறுபடி பேசி அனுப்பினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னவள் செய்ததை அப்பாவும் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் செய்திருக்கிறேன், பிள்ளைகளா.

அப்போது சின்னவள் கைக்குழந்தை. சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தோம். உங்கள் அம்மா குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். என் அண்ணன், உங்கள் பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ரெண்டும் பொட்டப் புள்ள. இன்னொன்னு பாக்காம கத்தி வைக்கணுமாக்கும்!"

ஜீப்பில் வழி நெடுக இதே பாட்டு. அம்மா வெறும் வயிற்றோடு, சின்னவளை மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி டெட்டால் நெடியிலும் அவள் கையில் ஏலக்காய் மணந்தது.

அங்கே ஒரு வழக்கம். ஆபரேஷனுக்கு முன்பு சிஸ்டர் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, அந்தப் பெண்ணின் பதிலைச் சின்ன ரிக்கார்டரில் பிடிப்பார். அவள் தன் வாயால் சம்மதம் சொல்லாவிட்டால் அன்றைக்கு ஆபரேஷன் கிடையாது. அடுத்த ஆபரேஷன் முகாமுக்குள் பெரியப்பா காரியத்தைக் கெடுத்துவிடுவாரே என்று எனக்குப் பயம்.

இதைப் பிறகு மாற்ற முடியாது என்றார் சிஸ்டர். ஆண்களுக்குச் செய்வது இன்னும் எளிது என்றும் சொன்னார். அந்த நேரம் பார்த்து நான் சுவரிலிருந்த தடுப்பூசிப் படத்தை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"சேச்சிக்கு சம்மதமா?"

"சம்மதந்தான் சிஸ்டர்" என்றேன் நான்.

சிஸ்டர் ரிக்கார்டரை நிறுத்தினார். "சேட்டா, ஆபரேஷன் உங்களுக்கா? மிண்டாம, வாயத் தொறக்காம நில்லுங்க."

அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டார். இந்த முறை அம்மாவே சம்மதம் சொன்னாள். "ஆராவது நிர்பந்தம் செஞ்சாங்களா?"

"அது வந்து சிஸ்டர், ஒரு பையன் பொறந்தப்பறம்..." என்று பெரியப்பா ஆரம்பித்தார்.

சிஸ்டர் எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். பெயருக்குத்தான் கதவு, உள்ளே பேசியதெல்லாம் கேட்டது.

"ரெண்டும் பெண்ணல்லோ. பின்ன ஒரு ஆண் வேணும்னு தோணினா?"

"தோணாது சிஸ்டர். இதுகள எனக்குக் கொறையாத் தெரியல. படிக்க வச்சு ஆளாக்கணும். அதுக்கு என் ஒடம்பு நல்லாருக்கணும். நானாத்தான் வந்தேன், யாரும் சொல்லி வரல. பையன் வேணும்னு தோணுறது எங்க வீட்டுக்காரரோட அண்ணனுக்குத்தான். வேணும்னா அவரு பெத்துக்கிடட்டும்."

சிஸ்டர் சிரித்த சிரிப்பு வராந்தா வரை வந்தது. பெரியப்பா என்னை முறைத்தார். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன். அவர் எதிரில் நிமிர்ந்துகூடப் பேசாதவள் பேசிய பேச்சா இது! அன்றைக்கு என் நெஞ்சு நிறைந்த மாதிரி வேறு என்றைக்கும் நிறைந்ததில்லை. ஆபரேஷன் மத்தியானமே முடிந்தது.

அந்த லயம் இப்போது இல்லை, ரிசார்ட் நிற்கிறது. பழைய வார்டை இடித்துவிட்டார்கள். பெரியப்பாவும் போய்விட்டார். போகும்வரை மூத்தவளின் படிப்பைப் பற்றி டீக்கடையில் பீற்றிக்கொண்டிருந்தவர் அவர்தான். அந்த ரிக்கார்டர் என்ன ஆயிற்றோ தெரியாது. கிடைத்தால் உங்களுக்குப் போட்டுக் காட்டுவேன். அதில் அப்பா குரல் ஓரிடத்திலும் இருக்காது.