ஏழாம் மாசத்துக் கிரகணம்

சுபாஜினிக்குக் குழந்தை பிறந்தபோது தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து யாரும் இனிப்பு கேட்டு வரவில்லை. பெண் குழந்தை. கண்கள் இரண்டும் மை தீட்டி வைத்தாற்போல அத்தனை அழகு. ஆனால் பார்க்க வந்தவர்களின் பார்வை கண்வரை ஏறவே இல்லை. மூக்குவரை பிளந்திருந்த மேலுதட்டிலேயே நின்றுவிட்டது.

"கிரகண மூளி," என்றாள் விஜயலெட்சுமி.

விஜயலெட்சுமி சுபாஜினியின் கணவன் கிருஷ்ணராஜுக்கு அக்காள். தாய் தகப்பன் போனபின் தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மார்கழியில் சூரிய கிரகணம் வந்த காலையில், "கதவச் சாத்திக்கிட்டு உள்ளாற படுடி," என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மண்டிக் கிடந்த நேரம். சுபாஜினி கேட்கவில்லை. ஏழு மாத வயிற்றோடு கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். பனிக்குள் வெளிச்சம் மங்கி, பறவைகள் அடங்கிப்போனபோதும் அவள் விரல்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டுதான் இருந்தன.

"நீ அன்னிக்குக் கொழுந்தக் கிள்ளலடி. உன் புள்ள உதட்டக் கிள்ளுன."

பெற்ற வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்ட இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? அன்றிலிருந்து சுபாஜினி தன் கைகளையே வெறுத்தாள். யதுஷா என்று ஆசையாகப் பெயர் வைத்த குழந்தைக்குக் கரண்டியால் பால் புகட்டுவாள். பால் பாதி உள்ளே போகும், மீதி மூக்கு வழியாக வரும். அதைச் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுப்பாளே தவிர, விரலால் அந்த உதட்டைத் தொடமாட்டாள். தொட்டால் இன்னும் கிழிந்துவிடுமோ என்ற பயம்.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் முஸ்தாக், "சின்ன ஒப்பரேஷன்தாம்மா, தைச்சிரலாம்," என்று நம்பிக்கையாகத்தான் சொன்னார். கோடாங்கியோ உடுக்கை அடித்து வேறு சொன்னான். கிரகணம் வெட்டிய இடத்தில் மறுபடி கத்தி பட்டால் பிள்ளை தங்காதாம். விஜயலெட்சுமி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கிருஷ்ணராஜ் அக்காளையும் பார்த்தான், மனைவியையும் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். டாக்டர் குறித்துக் கொடுத்த நாள் வந்தது, போனது. இரண்டாவது முறை குறித்த நாளும் அப்படியே போனது. ஒரு தடவை என் கையால் கெடுத்தேன், இன்னொரு தடவை என் சம்மதத்தால் கொல்லவா என்று சுபாஜினி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

சுவருக்கு அந்தப்பக்கம், அடுத்த காம்பராவில் நேசராணி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து வந்ததும் ரேடியோவை அலறவிடுவது அவள் வழக்கம். அதில் பேராசிரியர் அருளையா என்ற வானியல் அறிஞர் பேசுவார். நட்சத்திரம், வால்வெள்ளி, ஜாதகம், தோஷம் என்று யார் போனில் எதைக் கேட்டாலும் கோபமே வராமல் பதில் சொல்வார். "செவ்வாய் பாவம், தன்ர பாட்டில சூரியனைச் சுத்துது. உங்கட மகளின்ர கலியாணத்தைக் குழப்ப அதுக்கு எங்க நேரம்?" என்று அவர் சொல்லும்போது நேசராணி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"ஏண்டி சுபா, அன்னிக்கு ஒனக்குப் பக்கத்து நெறையில நானுந்தான கிள்ளுனேன்? என் வாய் கிழியலையே?"

"உன் வாய் கிழிஞ்சாலும் மூடாதுக்கா."

"பாத்தியா, சிரிச்சிட்ட! வா, அந்த ஐயாகிட்டயே கேட்ருவோம்."

தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அடுத்த ஞாயிறு அங்கே நின்று, எத்தனையோ முறை முயன்றபின் இணைப்புக் கிடைத்தது.

"வணக்கம் அம்மா. எங்கயிருந்து கதைக்கிறியள்?"

"மடுல்சீமைங்க ஐயா. தோட்டத்துலயிருந்து பேசுறேன்." சுபாஜினியின் குரல் உடைந்தது. "கிரகணத்தன்னிக்குக் கொழுந்து கிள்ளுனா, வயித்துப் புள்ளயோட உதடு கிள்ளிப் போயிருமாங்க?"

நிகழ்ச்சி நடத்தும் இளைஞன் களுக்கென்று சிரித்துவிட்டான்.

"சிரிக்காதேங்கோ தம்பி. அம்மா அழுறா." பெரியவர் மெதுவாகச் சொன்னார். "அம்மா, எனக்கு வானத்தைப் பற்றித்தான் கொஞ்சம் தெரியும். அண்டைக்கு நடந்தது நிலவின்ர நிழல் பூமியில விழுந்ததுதான். நிழலுக்குக் கையும் இல்லை, கத்தியும் இல்லை. ஆனா உதட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் எண்டு சொன்னா நானும் குறி சொல்லுறவனாப் போயிடுவன். கிரகணத்தண்டைக்கு உங்களுக்கு எத்தனையாவது மாதம்?"

"ஏழுங்க ஐயா."

"அப்ப டாக்குத்தரிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ. வயித்துக்குள்ள பிள்ளைக்கு உதடு எந்த மாதத்தில உருவாகிறது? கேட்டுப்போட்டு நீங்களே யோசியுங்கோ. நான் சொன்னன் எண்டதுக்காகவும் நம்பாதேங்கோ."

தொடர்பு அறுந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி சுபாஜினியை விடவில்லை. மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கணவனையும் இழுத்துக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினாள்.

"ரெண்டாம் மாசம் முடியிறதுக்குள்ளயே உதடு சேர்ந்திரும்மா," என்றார் டாக்டர் முஸ்தாக். "சேராட்டி, அது அப்பவே சேராம நின்னதுதான். ஏன் கேக்குறீங்க?"

சுபாஜினி விரல்விட்டு எண்ணினாள். இரண்டாம் மாதத்தில் தான் உண்டாகியிருப்பதே அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஏழாம் மாதத்துக் கிரகணம், ஐந்து மாதம் முன்னால் நடந்து முடிந்த ஒன்றை எப்படிக் கிள்ளும்? தாயின் மனதில் கிடந்த பாறாங்கல் ஒன்று உருண்டு எங்கோ பள்ளத்தில் போய் விழுந்தது. டாக்டரின் முன்னாலேயே, முதன்முறையாக, தன் விரல் நுனியால் மகளின் பிளந்த உதட்டைத் தொட்டாள். குழந்தை சிரித்தது. கிருஷ்ணராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

"நாளு குறிங்க டாக்டர். அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றான்.

பேசினான். வளர்த்தவளை எதிர்த்து அவன் வாழ்நாளில் பேசிய முதல் பேச்சு அது. "புள்ள செத்தா என் வாசப்படி மிதிக்காதீங்க," என்று விஜயலெட்சுமி கத்தினாள். ஒப்பரேஷன் நாளன்று அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. ஆனால் பிள்ளை வீடு திரும்பிய அன்று, தையல் போட்ட உதட்டைத் தூரத்திலிருந்தே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தையல் ஆறியது. யதுஷா பால் சிந்தாமல் குடித்தாள். பேச்சு வந்தபோது இரண்டு உதடுகளும் ஒட்டிப் பிரிய, "அம்மா" என்றாள். ஐயாவிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று சுபாஜினி ஞாயிறுதோறும் மேட்டுக்கு ஓடினாள். ஒருநாளும் இணைப்புக் கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிறு நிகழ்ச்சிக்குப் பதிலாகச் சோக இசை ஒலித்தது. பேராசிரியர் அருளையா காலமானார் என்று அறிவித்தார்கள்.

சுபாஜினி எழுந்து தண்ணீர்ப் பீலிக்குப் போய்த் தலை முழுகினாள். உறவில் சாவு விழுந்தால் முழுகுவதுபோல, உடுத்திய சேலையோடு. சொட்டச் சொட்ட வந்தவளைப் பார்த்து விஜயலெட்சுமி பதறிப்போனாள்.

"யாருடி போனது? உங்கப்பாவா?"

"ரேடியோவுல பேசுவாரே, அந்த ஐயா, மதினி."

"ஒறமொறையா?"

"இல்ல."

"மொகத்தயாச்சும் பாத்திருக்கியா?"

"கொரல் மட்டுந்தான்." சுபாஜினி விம்மினாள். "நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லலையே மதினி. நான் கொலகாரி இல்லன்னு எனக்கே தெரிய வச்ச மனுசன்!"

விஜயலெட்சுமி உள்ளே போனாள். அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது. துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பதுபோல, ஒரு கோப்பை பால் விடாத சாயத்தண்ணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சுபாஜினியின் ஈரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கொழுந்துக் கறை ஏறிய அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"இந்தக் கை எதையும் கிள்ளலடி. இம்புட்டு நாளா ஒன்னக் கிள்ளிக்கிட்டிருந்தது என் நாக்குதான்."

இரண்டு பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். யதுஷா வந்து அத்தையின் கன்னத்துக் கண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள்.

"அடுத்த சூரிய கிரகணம் எப்பன்னு அந்த ஐயா சொல்லியிருக்காரா?" என்று கேட்டாள் விஜயலெட்சுமி.

"ஏன் மதினி?"

"புள்ளயத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னு பாக்கணும்."

"வெறுங்கண்ணால பாக்கக் கூடாதாம். கண்ணு போயிருமாம். அதுக்குன்னு தனிக் கண்ணாடி இருக்கு, அதையும் அவருதான் சொன்னாரு."

"அப்படியா?" விஜயலெட்சுமி மூக்கைச் சிந்தினாள். "அப்ப மூணு கண்ணாடி வாங்கணும்."