பிரிட்டாவின் பச்சைப் பட்டை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஓர் ஏரிக்கரையில் பெண்பிள்ளைகளுக்கான கோடை முகாம். இருபது வருடமாக அங்கே நீச்சலுக்குப் பொறுப்பாக இருக்கும் வெர்னா யார் வாய்ச்சொல்லையும் நம்பமாட்டாள். "நல்லா நீந்துவா" என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தாலும், அவள் கண்ணெதிரே இரண்டு முறை நீந்தித் திரும்பினால்தான் கையில் பச்சைப் பட்டை. மற்றவர்களுக்குச் சிவப்புப் பட்டையும் லைஃப் ஜாக்கெட்டும்.

அன்று மதியம் பச்சைப் பட்டையோடு படகுத்துறையில் நின்ற பிரிட்டாவின் தலைமுடி வெர்னாவை உறுத்தியது. காலையில் பட்டைக்காக நீந்திக் காட்டிய பிள்ளைகளின் பின்னல்கள் இன்னும் ஈரமாக இருந்தன. இவளுடையது காய்ந்து கிடந்தது.

"பட்டியல்ல இவ பேருக்கு டிக் இருக்கே, வெர்னா. விடுங்களேன்," என்றாள், பிரிட்டா தங்கியிருந்த கேபினின் பொறுப்பாளர் டெல்லா.

"டிக் நீந்தாது, டெல்லா. நீ இறங்கு கண்ணு, நான் பாக்கறேன்."

இடுப்பளவு நீருக்கு மேல் பிரிட்டாவின் கால் நகரவில்லை.

"எங்க கேபின்ல எல்லாருக்கும் பச்சை. அதான் என் பக்கத்துப் படுக்கை சோஃபி என் பேரைச் சொல்லி இன்னொரு தடவ நீந்தினா," என்று அழுதாள்.

காலையில் வெர்னா பெயரைக் கேட்டு டிக் போட்டாளே தவிர, ஒரு முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. அவள் திட்டவில்லை. பிரிட்டாவுக்கு ஜாக்கெட்டை மாட்டி, வார்களை இழுத்துப் பார்த்தாள்.

"எல்லாரையும் கூப்பிடு, டெல்லா. முதல்லேருந்து பாத்துடலாம்."