ஜந்தீரா ஒரு தரம்தான் கேட்டாள்

மீனாஸ் மலைப்பக்கத்து அந்தச் சின்ன ஊரில் அனக்லேத்துவைக் ‘கொமெஜீது’ என்பார்கள். எதிலும் அளவோடு நிற்கிறவர் என்று பொருள். மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் சொன்னால் அது பாராட்டு. கால்பந்து மைதானத்தில் சொன்னால் வசவு. மாதா ஊர்வல பாண்டில் பெரிய வெண்கலத் தாளங்கள் அவர் பொறுப்பு. அவர் தட்டினாரா இல்லையா என்று பாண்டு மாஸ்டர் ஒவ்வொரு தரமும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஞாயிறு மாலை அவருக்கு விதவை ஜந்தீராவின் வீட்டில் காப்பி. எதைக் கொடுத்தாலும் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தரம் வாங்குவதுதான் அந்த ஊர் மரியாதை. தட்டில் கடைசியாக மிஞ்சும் சீஸ் உருண்டையைத் தொடுகிற துணிச்சலோ எவருக்கும் கிடையாது.

ஒரு ஞாயிறு ஜந்தீரா காப்பியை ஊற்றிக்கொண்டே, “ரெண்டு வீட்லயும் தனித்தனியா எதுக்கு அடுப்பு எரியணும்? கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்கயே வந்துடுங்களேன்” என்றாள்.

ஏழு வருஷமாக அவர் ஏங்கிக் கிடந்த வார்த்தை. ஆனால் பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

“வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்.”

அடுத்த தரம் கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள்.

பாண்டில் எக்காளம் ஊதும் ஒசோரியோ, அவர் சொன்னதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “காப்பியத்தான்யா மூணு தரம் கேப்பாங்க. இதக் கேக்க அவ எத்தன நாள் யோசிச்சிருப்பா? கைக்கு எட்டுனத உன் வாயே தட்டி விட்டுடுச்சே.”

வாரம் முழுக்க அனக்லேத்துவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளை இழந்துவிட்டோம் என்று பயந்தார்.

அடுத்த ஞாயிறு கதவைத் திறந்த ஜந்தீராவின் முகத்தில் சிரிப்பில்லை. உள்ளே போய்க் கெட்டிலை எடுத்தாள். “காப்பி?”

“குடுங்க.”

கெட்டில் அந்தரத்தில் நின்றது. முன்பு வந்த விருந்தாளிகள் விட்டுப்போன ஒற்றை உருண்டையையும் எடுத்து அவர் வாயில் போட்டுக்கொண்டார்.

“போன வாரம் கேட்டீங்களே, அதுக்கும் சரி.”

“நான் இன்னும் ரெண்டாந்தரம் கேக்கலையே.”

“கேக்க வேண்டாம். எனக்கு வேணும்.”

ஜந்தீரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சாமான் எப்ப வருது?”

“பெட்டி வாசல்ல இருக்கு. உள்ள கொண்டுவந்தா அதிகப்படியா இருக்குமோன்னு...”

அவளே போய்த் தூக்கினாள். பெட்டி வாய் பிளந்து, தாளங்கள் இரண்டும் படிகளில் உருண்டு பாதிரியார் வீடு வரை அதிர்ந்தன. தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. வேறொரு நாளாக இருந்தால் அனக்லேத்து வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டிருப்பார்.

“எங்களுக்குக் கல்யாணம்” என்றார், கடைசி ஜன்னலுக்கும் கேட்கிற மாதிரி.