பஞ்சுக்கூடைக்குள் பழகிய மூச்சு

மலாயாவுக்கு வந்து நான்கு வருஷமாகியும் எனக்குப் பிடிபடாத ஒன்று, காலைப் பெரட்டு. விடியுமுன் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கணக்கெழுதும் கிராணி புத்தகத்தை விரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்குரியவன் உரக்க “ஐயா” என்று குரல் கொடுக்க வேண்டும். காரியம் அவ்வளவுதான். அதற்கே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எதிரே நிற்கும்போதே இரண்டு தடவை எனக்கு ‘வரவில்லை’ என்று போட்டிருக்கிறார். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். நான் முதன்முதலில் வேலைக்குப் போன இடத்தில், நான் அங்கே இல்லாதவனாக இருப்பதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒத்தக்கடைப் பக்கம் மழை பொய்த்து, அப்பா காலராவில் போன வருஷம், அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு ஆரப்பாளையத்தில் ஒரு குடிசைக்கு வந்தாள். அம்மா, அக்கா பேச்சி, நான் மூன்று பேரும் ஒரு நூல் ஆலையில் சேர்ந்தோம். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினொன்று. பன்னிரண்டு ஆகாத பிள்ளைகளை ஆலையில் வைக்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. ஆகவே, ஆலையைச் சோதிக்கிற துரை வந்தால் மேஸ்திரி விசில் ஊதுவார். நாங்கள் கழிவுப் பஞ்சுக் கூடைகளுக்குள் குதிப்போம். மேலே பஞ்சைக் கொட்டி மூடிவிடுவார்கள். அம்மா குனிந்து, “மூச்சு விட்றாத ராசா. கண்டுட்டாகன்னா நாளைக்குக் கஞ்சி இல்ல” என்பாள். இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு கிடப்பேன். அந்த இருட்டில் செய்வதற்கு வேறென்ன இருக்கிறது? இயந்திரங்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எது எண்ணெய் இல்லாமல் காய்கிறது, எதன் பட்டை தளர்ந்துவிட்டது என்று நாளடைவில் காதுக்கே தெரிந்துவிட்டது.

ஒரு நாள் பக்கத்துக் கூடையில் அக்கா இருமிவிட்டாள். துரை தானே பஞ்சை விலக்கி அவளைத் தூக்கினார். “பயப்படாதே” என்று தமிழில் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. இதமாகத்தான் சொன்னார். அவர் கார் போன பிறகு மேஸ்திரி அக்காவையும் அம்மாவையும் வெளியே அனுப்பிவிட்டார். நான் அகப்படாதவன், என்னை வைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு வேறு கூலிவேலை கிடைக்கும்வரை மூன்று வயிறும் என் ஒருவனால்தான் நனைந்தன. யார் கண்ணிலும் படாதவனுக்குத்தான் சோறு என்று என் உடம்பு அன்றைக்குத் தெரிந்துகொண்டது.

இங்கே ரப்பர் ஆலையில் அந்தக் காதுதான் எனக்குக் கைகொடுத்தது. இஞ்சின் லேசாக முனகினால் போதும், யாரும் சொல்லாமலே போய் எண்ணெய் விட்டுவிட்டு வந்துவிடுவேன். இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் சீனப் பிட்டர் ஆ சோங் அதைக் கவனித்திருக்கிறார். இஞ்சின் டிரைவர் வேலை காலியானதும் தோட்டத்துத் துரையிடம் என்னைச் சொல்லியிருக்கிறார். துரை என்னைப் பார்க்க ஆலைக்கே வந்தார். கார்ச் சத்தம் கேட்டதும் நான், இருபத்தாறு வயதுத் தடியன், ரப்பரை உலர்த்தும் புகைவீட்டுக்குள் ஓடித் தொங்கும் ரப்பர் ஷீட்டுகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். ஆ சோங் வந்து கையைப் பிடித்து, “ஜாங்ஙான் தாக்குட்” என்றார். மலாயில் பயப்படாதே என்று அர்த்தம். அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அவரைப் பிடித்துத் தள்ளினேன். பாவம், மனிதர் சாம்பலில் விழுந்தார். தனக்குக் கீழே வேலை பார்க்க எனக்கு இஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டு துரையிடம் போய் அப்படியே சொல்லிவிட்டார்.

என்னோடு கப்பலில் வந்த உசிலம்பட்டிக்காரன் மாயாண்டி அன்று சாயந்தரம் என்னைப் பிடிபிடியென்று பிடித்தான்.

“ஏன் மாப்ள, தொரையே தேடி வந்து வேலை குடுக்குறாரு, நீ களவாண்டவனாட்டம் பதுங்குற? அவருகிட்ட அம்புட்டுக் கெஞ்சியிருக்கேன். நாளைக்குப் பெரட்டுல அந்த வேலைக்கு ஒம்பேரக் கூப்புடுவாக. சத்தம் குடுத்தா வேலை ஒனக்கு. இல்லைன்னா வேற ஆளு.”

அவனிடம் பஞ்சுக்கூடையைச் சொன்னேன். வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

“நாளைக்கு ஒம்பக்கத்துலயே நிக்கிறேன்” என்றான்.

மறுநாள் பெயர் கூப்பிட்டார்கள். என் இடது கை வாயைப் பொத்த மேலே போயிற்று. மாயாண்டி அதைப் பிடித்துக் கீழே இழுத்தான். “ஐயா” என்றேன். கூடவே இருமல் வந்தது. அடக்கினேன், அடங்கவில்லை. களம் முழுக்கத் திரும்பிப் பார்க்க, கண்ணில் நீர் வர இருமினேன். யாரும் என்னை வெளியே அனுப்பவில்லை. ஆலைக்குப் போனதும் ஆ சோங்கைக் கும்பிட்டேன். அவர் முறைத்துக்கொண்டே எண்ணெய்க் கேனைக் கையில் கொடுத்தார்.

இதையெல்லாம் அக்காவுக்கு எழுதினேன். இருமிக் காட்டிக்கொடுத்தவள் என்று அவள்மேல் எனக்கு இத்தனை வருஷமாக உள்ளுக்குள் கோபம் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல யாரோ எழுதிய பதில் போன மாதம் வந்தது.

“தம்பி, அந்தத் தொரை என்னயத் தூக்குனப்ப ஒன் கூடையையும் கைகாட்டிரலாம்னு நெனச்சேன். காட்டுனா கஞ்சிக்கு என்னா பண்றதுன்னு விட்டுட்டேன். ஒன்னய உள்ளயே விட்டுட்டு வந்தது இன்னைக்கும் மனச அறுக்குது.”

படித்துவிட்டு இஞ்சின் சத்தத்துக்குள் வாய்விட்டு அழுதேன்.

இப்போது துரையின் கார் வந்து நின்றால் என் வலது கை இஞ்சினின் பிடியை விடுவதில்லை. இடது கை மட்டும் ஆரப்பாளையத்துக்குப் போய், அக்கா கைகாட்டாமல் விட்டுவந்த அந்தப் பையனின் வாயைப் பொத்திவிட்டுத் திரும்பி வருகிறது.